சருகிலிருந்து பூஞ்சையின் பெயர் வரை: சி.வி. சுப்பிரமணியன் காட்டிய வழியில் ஒரு தொடக்கப் பயிற்சி

வடகிழக்குப் பருவமழை பிடித்து இரண்டு மூன்று வாரம் ஆனதும், சென்னையில் எந்த மாமரத்தடியிலும் ஈரச் சருகைப் புரட்டிப் பாருங்கள். நரம்போரம் கரும்புள்ளிகள், சாம்பல் பூச்சு, மெல்லிய வெல்வெட் போன்ற படலம் எல்லாம் தென்படும். அவற்றில் பெரும்பாலானவை ஆஸ்கோமைசீட்ஸ், அதாவது பைப்பூஞ்சைகள். ஆஸ்கஸ் என்ற நுண்ணிய பைக்குள் வழக்கமாக எட்டு எட்டாக ஸ்போர்களை (வித்துகளை) உண்டாக்குவதால் இந்தப் பெயர். சிக்கல் என்னவென்றால், சருகில் அந்தப் பை சுலபத்தில் அகப்படாது. அகப்படுவது பாலிலா நிலைதான்: இழையிலிருந்து எழும் காம்பும், அதன் மேல் கொனிடியங்கள் எனப்படும் பாலிலா ஸ்போர்களும். பையே தெரியாத பைப்பூஞ்சைக்கு எப்படிப் பெயர் கண்டுபிடிப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் சக்கார்டோ கொடுத்த வழி, கொனிடியத்தின் நிறத்தையும் வடிவத்தையும் குறுக்குச்சுவர்களையும் வைத்துப் பிரிப்பது. நிறமற்றதா, கறுப்பா? ஒரு செல்லா, இரண்டா, பலவா? பார்க்கச் சுலபம், அட்டவணை போடவும் சுலபம். ஆனால் உறவே இல்லாத பூஞ்சைகளை ஒரே பெட்டியில் போட்டுவிடும். 1953-இல் கனடாவின் ஹியூஸ், கொனிடியம் எப்படி இருக்கிறது என்பதை விட எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்கச் சொன்னார். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு, இப்படி இழைக்காம்பில் வெளிப்படையாகக் கொனிடியம் தாங்கும் பூஞ்சைகளான ஹைஃபோமைசீட்ஸ் முழுவதற்கும் ஒரு குடும்ப வகைப்பாட்டை 1962-இல் முன்வைத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன். இந்திய ஹைஃபோமைசீட்ஸ் பற்றிய அவருடைய பெருநூல் 1971-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக வெளியீடாக வந்தது. குடும்பப் பெயர்கள் பல இன்று வழக்கில் இல்லை. பார்க்கும் முறை மட்டும் அப்படியே நிற்கிறது. தொடங்குபவர்களுக்கு இன்றும் அதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது.

எங்கே, எதை எடுப்பது

வீட்டுத் தோட்டம், அடுக்குமாடி வளாகத்து மரத்தடி, நண்பர் வீட்டுத் தென்னை இவையே போதும். கிண்டி தேசியப் பூங்காவிலோ நன்மங்கலம் காப்புக்காட்டிலோ வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு சருகைக்கூட எடுக்கக் கூடாது. கல்லூரி வளாகங்களிலும் பொதுப் பூங்காக்களிலும் கேட்டுவிட்டு எடுங்கள்.

நேற்று விழுந்த சருகு வேண்டாம். கையில் பிசைந்தால் கூழாகும் சருகும் வேண்டாம். மேல் அடுக்கை ஒதுக்கிவிட்டு, பழுப்பேறி ஆனால் நரம்பு கெட்டியாக இருக்கும் நடு அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். இலைப்பரப்பை விட இலைக்காம்பு, நடுநரம்பு, மூங்கில் தட்டை, தென்னை மட்டை, பட்டை உரியாத காய்ந்த குச்சி ஆகியவற்றில் பூஞ்சை வகை அதிகம். ஒரு மரத்துக்கு ஒரு பை என்று பிரித்துப் போடுங்கள். பழுப்புக் காகிதக் கவர் நல்லது. பாலித்தீன் பையில் போட்டு ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தால், சென்னை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் உள்ளே வியர்த்து, வீடு சேர்வதற்குள் பாக்டீரியா கை ஓங்கிவிடும்.

கவரின் மேலேயே பென்சிலால் தேதி, இடம், மரத்தின் பெயர், எந்தப் பாகம் என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் மை ஈரத்தில் கலங்கும். மரம் எது என்று தெரியாவிட்டால் ஒரு பச்சை இலையையும் சேர்த்து அமுக்கி வையுங்கள். எந்தத் தாவரத்தில் வளர்ந்தது என்ற குறிப்பு இல்லாத மாதிரிக்குப் பின்னால் பெயர் தேடுவது வீண் உழைப்பு.

ஈர அறை

பெயர் பெரிதாக இருந்தாலும் இது ஒரு மூடிபோட்ட தட்டுதான். 9 அல்லது 10 செ.மீ. பெட்ரித் தட்டு, அல்லது மூடி சரியாகப் பொருந்தும் தட்டையான பிளாஸ்டிக் டப்பா. அடியில் இரண்டு அடுக்கு வடிதாள்.

சருகைக் குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால், மேலே ஒட்டிவந்த மண்ணும் தூசியும் கொண்டுவரும் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், மியூக்கர் எல்லாம் முந்திக்கொண்டு வளர்ந்து, சருகில் உண்மையாகவே வாழும் பூஞ்சையை மூடிவிடும். கழுவியதை 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, காகிதத்தின் மேல் அரைமணி உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். கொதித்து ஆறிய நீரை வடிதாளில் விடுங்கள். அளவு முக்கியம்: தட்டைச் சாய்த்தால் நீர் ஓடக் கூடாது. ஓடினால் அதிகம், அந்தத் தட்டில் நூற்புழுவும் பாக்டீரியாவும்தான் மிஞ்சும்.

வெயில் நேராகப் படாத அலமாரியில், அறை வெப்பத்தில் வையுங்கள். குளிர்சாதன அறை வேண்டாம். தினமும் சில நிமிடம் மூடியைத் திறந்து காற்று விடுங்கள், காகிதம் வறண்டால் சில சொட்டு நீர் சேருங்கள். மூன்றாம் நாள் முதல் பார்க்கத் தொடங்கலாம். நான்கு வாரம் வரை தட்டைக் கொட்டிவிடாதீர்கள். முதல் வாரத்தில் தெரிவது ஒரு கூட்டம், மூன்றாம் வாரத்தில் தெரிவது வேறு கூட்டம். மெதுவாக வளர்பவைதான் பெரும்பாலும் சுவாரசியமானவை.

இரண்டு எதிரிகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று எறும்பு: தட்டுகளைச் சோப்பு நீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு மேடை வைத்து அதன் மேல் அடுக்கினால் போதும். மற்றொன்று சிற்றுண்ணி. கண்ணுக்கு வெள்ளைத் தூசி மாதிரி தெரியும், நகரும். கொனிடியங்களைத் தின்பதோடு ஒரு தட்டின் பூஞ்சையை உடம்பில் சுமந்துபோய் அடுத்த தட்டில் விதைத்துவிடும். உண்ணி கண்ட தட்டை அன்றே வெளியேற்றுங்கள், இரக்கம் காட்டாதீர்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் இந்த வேலையில் இறங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. மற்றவர்களும் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டே தட்டைத் திறக்க வேண்டும். முகர்ந்து பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது.

ஸ்லைடு போடுதல்

முதலில் 10 மடங்கு கைலென்ஸ் அல்லது ஸ்டீரியோ நுண்ணோக்கியில் துண்டு முழுவதையும் மேயுங்கள். இழைக்காம்புகள் தனித்தனியாக நிற்கின்றனவா, கற்றையாகச் சேர்ந்து நிற்கின்றனவா, மெத்தை மாதிரி திரண்டிருக்கின்றனவா, நுனியில் இருப்பது உலர்ந்த பொடியா, பளபளக்கும் சளித்துளியா என்பதையெல்லாம் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லைடில் அழுத்திய பிறகு இந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

மெல்லிய தையல் ஊசியைக் குச்சியில் செருகி எடுத்துக்கொள்ளுங்கள். நுனியை ஈரமாக்கி, காம்பின் அடியோடு, கொஞ்சம் சருகுத் தோலும் சேர்ந்து வரும்படி பெயர்த்து எடுக்க வேண்டும். செலோடேப்பை ஒட்டி எடுப்பது சுலபம் என்று பலர் சொல்வார்கள். அது கொனிடியங்களை அள்ளிக்கொண்டு வரும். அவை பிறந்த செல்லை விட்டுவிட்டு வரும். நமக்கு வேண்டியதோ அந்தச் செல்தான்.

முதல் ஸ்லைடு எப்போதும் வெறும் நீரில். கொனிடியத்தைச் சுற்றியுள்ள சளி உறையும் நுண்வால்களும் நீரில்தான் தெளிவாகத் தெரியும். இரண்டாவது ஸ்லைடு லாக்டிக் அமிலத்தில்: மாதிரியின் மேல் முதலில் ஒரு சிறு துளி 70 சதவீத ஆல்கஹால் விட்டு, அது ஆவியாகும் தறுவாயில் லாக்டிக் அமிலத்தைச் சேர்த்தால் காற்றுக்குமிழி சிக்காது. நிறமற்ற இழைகளுக்கு லாக்டோபினால் காட்டன் புளூ வேண்டும். பழைய கலவை: பினால் 20 கிராம், லாக்டிக் அமிலம் 20 கிராம், கிளிசரால் 40 கிராம், நீர் 20 மி.லி., காட்டன் புளூ 0.05 கிராம். பினால் தோலைச் சுட்டுவிடும், ஆவியும் கெடுதல், வீட்டில் கலக்காதீர்கள். தயாரித்த பாட்டிலாக வாங்கி, கையுறையோடு பயன்படுத்துங்கள். இதில் கொனிடியம் கொஞ்சம் சுருங்கும் என்பதால் அளவெடுப்பதை நீர் ஸ்லைடிலேயே முடித்துவிடுங்கள்.

அளவெடுக்க, கண்வில்லையில் அளவுகோல் இருந்தால் மட்டும் போதாது. அதை ஒவ்வொரு பொருளருகு லென்சுக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். 1 மி.மீ. நீளத்தை 100 பிரிவாக வெட்டிய மேடை அளவுகோலில் ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். கண்வில்லையின் 40 பிரிவுகள் மேடையின் 10 பிரிவுகளோடு பொருந்தினால், 100-ஐ 40-ஆல் வகுக்க ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீட்டர். லென்ஸை மாற்றினால் இந்த எண்ணும் மாறும். குறைந்தது 30 முதிர்ந்த கொனிடியங்களை அளந்து எழுதுங்கள். ஒன்றிரண்டை அளந்து பெயர் சொன்னால் தவறாகப் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

பிறப்பைப் பார்ப்பது

சுப்பிரமணியனின் முறை இங்கேதான் தொடங்குகிறது. அவசரப்பட வேண்டாம், ஒரு ஸ்லைடில் ஒரு மணி நேரம் உட்காருவது நியாயம்தான். விதி ஒன்று: கொனிடியம் தாய்ச் செல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்காமல் எந்தப் பெயரும் சொல்லக் கூடாது. ஒரே சருகில் நான்கைந்து பூஞ்சைகள் கலந்து வளர்வதால், ஒன்றின் கொனிடியம் இன்னொன்றின் காம்பில் சும்மா ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். புதியவர்கள் கண்டுபிடிக்கும் விநோதப் பூஞ்சைகளில் பல இப்படிப் பிறந்தவைதான்.

புல் அல்லது நெல் வைக்கோலில் கிடைக்கும் கர்வுலேரியாவில் தொடங்குவது நல்லது, எல்லாம் பெரிதாகத் தெரியும். 40 மடங்கு லென்ஸில் பழுப்பு நிறக் காம்பு ஒன்று நிமிர்ந்து நிற்கும். மேலே போகப் போக அது முழங்கை மாதிரி மடங்கி மடங்கிப் போகும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு சிறு கருந்தழும்பு இருக்கும், நுண்குவியத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் தழும்பின் நடுவில் ஓர் ஒளிப்புள்ளி தெரியும். அது துளை. உள்சுவர் அந்தத் துளை வழியாகப் பிதுங்கி வந்து கொனிடியமாகிறது. ஒன்று பிறந்ததும் காம்பு அதற்குப் பக்கவாட்டில் வளர்ந்து அடுத்ததைப் பெறுகிறது, அதனால்தான் மடிப்பு. லூனேட்டா இனத்தில் கொனிடியம் நான்கு செல்லோடு வளைந்திருக்கும், அடியிலிருந்து மூன்றாம் செல் மற்றவற்றை விடப் பருத்துக் கறுத்திருக்கும். துளைவழிப் பிறப்பை இங்கே ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு கோரினெஸ்போரா, பைபோலாரிஸ், ஆல்டர்னேரியா மூன்றிலும் தானாகக் கண்ணில் படும்.

அடுத்து சங்கிலிகள். வெங்காயத் தோலில் படியும் கறுப்புப் பொடியான ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரையும், வாடிய இலைகளில் ஆலிவ் நிறமாகப் படரும் கிளாடோஸ்போரியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். இரண்டிலும் கொனிடியங்கள் சரமாகத்தான் இருக்கும். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸில் ஃபியலைடு என்ற குப்பி வடிவத் தாய்ச்செல்லின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளிவருவதால், இளையது அடியிலும் மூத்தது நுனியிலும் இருக்கும். கிளாடோஸ்போரியத்தில் நுனிக் கொனிடியமே அடுத்ததை அரும்புவதால், இளையது நுனியில். எப்படி உறுதி செய்வது? சரம் கிளைக்கிறதா என்று பாருங்கள். ஃபியலைடுச் சரத்தில் புதியது எப்போதும் அடியில் சேர்வதால் கிளைக்கவே முடியாது. நுனியில் வளரும் சரத்தில் ஒரு கொனிடியம் இரண்டு அரும்பு விட்டால் கிளைதான். சக்கார்டோ முறையில் நிறம், வடிவம் என்று போனால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

ஸ்கோபுலேரியாப்சிஸ் கிடைத்தால் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் போட்டு, தாய்ச்செல்லின் கழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கொனிடியம் உதிரும்போதும் ஒரு வளையம் மிஞ்சும்; பெற்றுப் பெற்று அந்தச் செல் நீண்டுகொண்டே போகும். ஃபியலைடு நீளாது. வளையம் தெளிவில்லாத இளம் செல்லைப் பார்த்து ஃபியலைடு என்று எழுதிவிடுவது அனுபவசாலிகளும் செய்யும் பிழை. ஜியோட்ரிக்கத்தில் இதில் எதுவுமே இல்லை: இழையே துண்டு துண்டாகப் பிரிந்து கொனிடியங்களாகிவிடும்.

பிறப்பு முறை பிடிபடாமல் தடுமாறினால் ஸ்லைடு வளர்ப்புதான் மருந்து. ஒரு செ.மீ. அகர் (கூழ்போல் உறைந்த வளர்ப்பு ஊடகம்) துண்டைச் சுத்தமான ஸ்லைடில் வைத்து, நான்கு ஓரங்களிலும் பூஞ்சையைத் தொட்டு வைத்து, மேலே கவர்ஸ்லிப்பை மூடி, ஈர அறைக்குள் மூன்று முதல் ஐந்து நாள் விடுங்கள். பிறகு கவர்ஸ்லிப்பை மெதுவாகத் தூக்கி, லாக்டிக் அமிலத் துளி மேல் கவிழ்த்தால் காம்பும் கொனிடியமும் கலையாமல் கிடைக்கும். அகருக்கு உருளைக்கிழங்கு-கேரட் ஊடகம் போதும்: ஒரு லிட்டர் நீருக்கு இரண்டும் 20 கிராம் வீதம் வேகவைத்து வடித்து, 20 கிராம் அகர் சேர்த்து, குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம். பலரும் நேராக உருளைக்கிழங்கு-டெக்ஸ்ட்ரோஸ் ஊடகத்துக்குப் போகிறார்கள். அதில் சர்க்கரை அதிகம், பல பூஞ்சைகளில் பஞ்சு மாதிரி இழைதான் மண்டும், கொனிடியம் குறைவாகவே வரும். இந்தக் குக்கரைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

பையைத் தேடுவது

பாலிலா நிலை மட்டும் கதையின் பாதி. தட்டிலுள்ள வடிதாளையும் பாருங்கள். செல்லுலோஸ் தின்னும் கீட்டோமியம் இரண்டு மூன்று வாரத்தில் அதன் மேல் முளைப்பதுண்டு, சுருண்ட முடி மண்டிய குட்டி உருண்டைகளாக. அதை நசுக்கினால் ஆஸ்கோஸ்போர்கள் மட்டும் கொட்டும், பையைக் காணோம். அதன் பைச்சுவர் சீக்கிரமே கரைந்துவிடும் என்பதுதான் காரணம். கறுக்காத இளம் உருண்டையை எடுத்து நசுக்குங்கள், எட்டு ஸ்போரோடு பை கிடைக்கும். இதே கீட்டோமியக் குடும்பத்தில் சுப்பிரமணியுலா என்று ஒரு பேரினம் இருக்கிறது. 1985-இல் பூஞ்சையியலாளர் ஃபான் ஆர்க்ஸ், சுப்பிரமணியனைச் சிறப்பிக்கச் சூட்டிய பெயர்.

மக்கிய மரக்கட்டையில் விரல் விரலாக நிற்கும் சைலேரியா கிடைத்தால் லூகால் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பையின் நுனியிலுள்ள வளையம் நீலமாகும்.

பெயர் வைக்கும் இடத்தில் வரும் குழப்பம்

முன்பெல்லாம் ஒரே பூஞ்சைக்கு இரண்டு பெயர்: பை நிலைக்கு ஒன்று, கொனிடிய நிலைக்கு ஒன்று. சுப்பிரமணியனே 1972-இல் ஆஸ்பர்ஜில்லஸ்களின் பை நிலைகளை ஆராய்ந்து கீட்டோசார்ட்டோரியா போன்ற பேரினங்களை உருவாக்கினார். 2011-இல் மெல்போர்னில் முடிவாகி 2013 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்தான். கீட்டோசார்ட்டோரியா ஆஸ்பர்ஜில்லஸுக்குள் அடங்கிவிட்டது. கர்வுலேரியா லூனேட்டாவின் பை நிலையான காக்லியோபோலஸ் லூனேட்டஸும் இப்போது கர்வுலேரியாதான். பழைய நூலில் ஒரு பெயரைக் கண்டதும் அப்படியே எழுதிவிடாமல், இண்டெக்ஸ் ஃபங்கோரம், மைக்கோபேங்க் என்ற இணையப் பெயர்த் தொகுப்புகளில் ஒன்றில் இன்றைய பெயரைப் பாருங்கள், இரண்டும் இலவசம்.

1971 நூலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் அதன் படங்களையும் அளவுகளையும் தயங்காமல் நம்பலாம். குடும்ப அமைப்பை மட்டும் நம்பக் கூடாது. ஃபியலைடு என்ற அமைப்பு தொடர்பில்லாத பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று டி.என்.ஏ. காட்டிவிட்டது. ஆகவே பிறப்பு முறை உங்களைப் பேரினத்தின் வாசல் வரை கொண்டுவிடும். உறவைச் சொல்ல அது மட்டும் போதாது.

இனத்தை உறுதிசெய்ய வேண்டுமானால் ஒற்றை ஸ்போரிலிருந்து வளர்த்த தூய வளர்ப்பு வேண்டும். கொனிடியங்களை நீரில் கலக்கி 2 சதவீத வெற்று அகரில் தடவி, ஒரு இரவு விட்டு, முளைவிட்ட ஒன்றை மட்டும் ஊசியால் அகரோடு வெட்டி வேறு தட்டுக்கு மாற்றுங்கள். டி.என்.ஏ. வரிசை பார்ப்பவர்களிடம் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைக் கேளுங்கள்; 2012 முதல் பூஞ்சைகளுக்குப் பொதுவான அடையாளப் பகுதி அதுதான். ஆஸ்பர்ஜில்லஸுக்குக் கால்மாடுலின் மரபணுவும், ஃபியூசேரியத்துக்கு டெஃப்1 மரபணுவும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இனம் பிரியாது. ஜென்பேங்க் என்ற இணைய டி.என்.ஏ. வரிசைத் தொகுப்பில் முதலில் வரும் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள், அங்கே தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகள் ஏராளம். உங்கள் ஸ்லைடில் துளைவழிப் பிறப்பு தெரியும்போது கணினி கிளாடோஸ்போரியம் என்று சொன்னால், வளர்ப்பில் வேறு பூஞ்சை கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாதுகாத்தல்

பூஞ்சை இருந்த சருகுத் துண்டை நிழலில் உலர்த்தி, மடித்த காகித உறையில், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும், மாதம் ஒருமுறை வறுத்துப் போடுங்கள். படம், அளவு, தேதி, தாவரம், இடம் எல்லாம் அதே உறையில் இருக்கட்டும். புதிதாக எதையாவது கண்டிருக்கலாம் என்று தோன்றினால், அந்த உறை ஏதாவதொரு பொது உலர்தொகுப்பில் எண் பெற்று இருக்க வேண்டும். சுப்பிரமணியனும் மாணவர்களும் சேர்த்தவை சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத் தொகுப்பில் இருக்கின்றன, எம்.யு.பி.எல். என்று கட்டுரைகளில் வருவது அதுதான். மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்ப நினைத்தால், அதற்கு முன்பே தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்துவிடுங்கள். முடிந்த தட்டுகளைத் திறக்காமல், வெப்பம் தாங்கும் பையில் கட்டி, அதே குக்கரில் அரைமணி வேகவைத்த பிறகுதான் குப்பைக்குப் போட வேண்டும்.